எனவே டீச்சர்

பயிற்சி நிலையத்தில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘எனவே டீச்சர்’. முதுகுக்குப் பின்னால்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். ஆனால் டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளை ஒட்டுப்பலகை வைத்துத் தடுத்து நான்கு வகுப்பாக்கிய இடத்தில், முதுகுக்குப் பின்னால் பேசுவதும் காதோடு பேசுவதும் ஒன்றுதான். அவளுக்கும் அந்தப் பெயர் தெரியும். கோபம் வரவில்லை. காரணம் அவளேதான்.

கணக்குப் போடும்போது யாராவது ‘எனவே’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினால், அவள் அந்தச் சொல்லின் மேல் விரலை வைப்பாள். “இதுக்கு மேல இருக்கிற வரி ஏன் கீழ இருக்கிற வரியாச்சு? சொல்லு.” சொல்லத் தெரிந்தால் விரலை எடுப்பாள். தெரியாவிட்டால் அழிக்கச் சொல்வாள். விடை சரியாக இருந்தாலும் அழிக்க வேண்டும். “புரியாததை எழுதாதே” என்பது அவளுடைய ஒரே பாடத்திட்டம். அதற்காக ஒரே கணக்கில் ஒன்றரை மணி நேரம் உட்கார அவள் தயார். பிள்ளைகள் தயாரா என்பது வேறு விஷயம். பெற்றோர் நிச்சயமாகத் தயாரில்லை.

“டீச்சர், பக்கத்து வகுப்புல நாலு பாடம் முடிஞ்சிருச்சு. நீங்க இன்னும் பின்னத்துலயே நிக்கிறீங்களாமே?” என்று நிலையத்தின் முதலாளி வாரம் ஒருமுறை வந்து கேட்பார். நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தமாட்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டே பேசுவார். அந்த ‘டிக் டிக்’ சத்தம்தான் அவளுக்கு ஆகாது.

இந்த முதலாளிதான் வாசல் பலகையில் அவள் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று எழுதி வைத்தவர். ஏணி கொண்டுவரச் சொல்லி, பெயின்டரை அழைத்து, அன்றைக்கே அதை அழிக்க வைத்தாள். “ஆறு வருஷம் படிச்சீங்கல்ல, எழுதுறதுல என்ன தப்பு?” என்றார் அவர். “படிச்சேன். முடிக்கல” என்றாள்.

முடிக்காத கதை இதுதான். முதுகலையில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம், பதக்கம். குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. பிறகு கணித ஆராய்ச்சி. ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போக அவளுக்கு வழி கிடைக்கவில்லை. போகலாம் என்று தோன்றியது; எப்படி என்று தெரியவில்லை. “எனவேன்னு போட்டுட்டுத் தாண்டிப் போம்மா. யாரு உட்கார்ந்து பார்க்கப் போறா?” என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். அவளால் போட முடியவில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று அந்த இடுக்கிலேயே நின்றாள். உதவித்தொகை நின்றது. பேராசிரியர் ஓய்வுபெற்றுப் போனார். நான்கு அட்டைப்பெட்டித் தாள்களோடு அவள் வெளியே வந்தாள். “ஒரே ஒரு சொல்லுதானடி, எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்று அக்கா இன்றைக்கும் கேட்பாள்.

அந்த அக்காதான் ஒரு வியாழக்கிழமை காலை போன் செய்தாள்.

“அத்தானுக்கு நீ கணக்குச் சொல்லிக் கொடுக்கணும்.”

“யாருக்கு?”

“எனக்கு எத்தனை புருஷன் இருக்கான்? உன் அத்தானுக்குத்தான்.”

அத்தான் இருபத்திரண்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர். சரக்கு முற்றம் ஒன்றில், இரும்புத் தூண்களையும் கொள்கலன்களையும் தூக்கி வைக்கிற வேலை. எட்டு மணி நேரம் அதிர்கிற இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு டிஸ்க் நகர்ந்துவிட்டது. இனி கேபினில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிறுவனத்தில் இரண்டு வழி சொன்னார்கள்: மேற்பார்வையாளர் தேர்வில் பாஸ் செய்தால் தரையிலிருந்து கிரேன்களை நடத்தலாம், இல்லாவிட்டால் வாசலில் வண்டி எண் எழுதுகிற நாற்காலி. தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. ஒரு முறை எழுதி முப்பத்தொன்று வாங்கி வந்திருந்தார். பாஸுக்கு ஐம்பது.

அவள் சனி, ஞாயிறு காலைகளில் அக்கா வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேசையில் தட்டுகளை நகர்த்திவிட்டு இடம் செய்துகொண்டார்கள். அத்தான் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, புது நோட்டைத் திறந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி முதல் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு நம்பிக்கை வந்தது. பத்து நிமிடத்தில் போய்விட்டது.

அவருக்கு விடை தெரிந்தது. வழி தெரியவில்லை. “ரெண்டு கம்பி போட்டு நாலு டன்னைத் தூக்குறோம். கம்பிகள் நல்லா விரிஞ்சு இருந்தா ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு தாங்கணும்?” என்று கேட்டால் கண்ணைச் சுருக்கி, கையை விரித்துப் பார்த்து, “நாலுகிட்ட வந்துரும். அவ்வளவு விரிக்கவே கூடாது” என்பார். சரியாக இருக்கும். “எப்படி வந்துச்சு?” என்றால், “இப்படித்தான் வரும்” என்பார்.

“இப்படித்தான் வரும்னு எழுதினா மார்க் போடமாட்டான், அத்தான்.”

“நீ கேட்டதுக்கு நான் சரியாச் சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“அப்புறம் எதுக்கு என்னைப் போட்டு வறுக்கிற?”

நிலையத்தில் விடை தெரியாமல் வழியை மட்டும் மனப்பாடம் செய்கிற பிள்ளைகள். இங்கே வழியே இல்லாமல் விடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஐம்பது வயது ஆள். நடுவில் ஒரு மனுஷனும் அவளுக்கு வாய்க்கமாட்டான் போலிருந்தது. அவள் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டாள். அவர் வியர்த்தார். எழுந்து இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்” என்றார். அக்கா சமையலறையிலிருந்து, “திட்டாம சொல்லிக் கொடுடி, அவரு ரத்த அழுத்தக்காரரு” என்று கத்துவாள். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டாமலிருக்கத்தான் அவளுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

ஆனாலும் அவர் விடவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், கப்பிக் கணக்கு ஒன்றை ஏழு வரியில் எழுதி அவள் முன்னால் தள்ளினார். ஐந்தாவது வரியில் ‘எனவே’ இருந்தது. அவள் விரலை வைத்தாள். அவர் விளக்கினார். ஒரு சொல் பிசகவில்லை. அவள் விரலை எடுத்ததும் அவர் அக்காவைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார். அக்காவுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை என்றாலும் இரண்டு தடவை பார்த்தாள்.

“அத்தான், இதுதான். இனிமே எந்தக் கணக்கா இருந்தாலும் உங்களுக்கே சரின்னு படாத ஒரு வரியையும் எழுதாதீங்க. அவ்வளவுதான் கணக்கு” என்றாள் அவள். சந்தோஷத்தில் சொன்னது. பிறகு எத்தனையோ தடவை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் வாரம் அந்தக் கணக்கு வந்தது. தேர்வுக்கென்று விற்கிற பாடப்புத்தகத்தின் எழுபத்தெட்டாம் பக்கம். ‘ஒரு கிரேன் ஆறு மீட்டர் தூரத்தில் ஐந்து டன் எடையைத் தூக்கும். பத்து மீட்டர் தூரத்தில் எவ்வளவு எடையைத் தூக்கும்?’ எடையைத் தூரத்தால் பெருக்கினால் முப்பது. முப்பதைப் பத்தால் வகுத்தால் மூன்று. எட்டு மார்க், நோகாமல் எடுக்கலாம். வருடா வருடம் வருகிற கேள்வி என்று ஓரத்தில் நட்சத்திரக் குறி வேறு போட்டிருந்தது.

அத்தான் கேள்வியைப் படித்தார். விடையைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

“தப்பு.”

“என்ன தப்பு? ஆறஞ்சு முப்பது.”

“ஆறஞ்சு முப்பதுதான். வண்டி கவுந்துரும்.”

“அத்தான், பெருக்கிப் பாருங்க...”

“நீ பெருக்கு. நான் ஓட்டியிருக்கேன்.” அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கேபின் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த அட்டவணை. எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று தயாரித்தவர்களே அச்சடித்துத் தருவது. ஆறு மீட்டருக்கு நேரே ஐந்து டன். பத்து மீட்டருக்கு நேரே இரண்டு புள்ளி நான்கு. “மூணு டன்னை மாட்டிட்டுப் பத்து மீட்டருக்கு நீட்டினா பின்பக்கம் தரையை விட்டு எழும்பும். நான் பார்த்திருக்கேன். பக்கத்து வண்டிக்காரன் நீட்டினான். எங்க முற்றத்துல இன்னும் அந்தத் தரை உடைஞ்சுதான் கிடக்கு.”

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நோட்டை இழுத்துத் தானே போட்டுப் பார்த்தாள். மூன்றுதான் வந்தது. மறுபடியும் போட்டாள். மூன்றுதான்.

“கிரேனோட கை இருக்கே, அது பஞ்சா?” என்றார் அத்தான். “நீட்ட நீட்ட அந்தக் கையோட எடையும் சேர்ந்துதானே வெளிய போகுது? அதை உன் கணக்குல எங்க வெச்ச?”

எங்கும் வைக்கவில்லை. அவளுக்குக் காது சூடானது. பதக்கமும் ஆறு வருட ஆராய்ச்சியும் இருந்து, ஒரு இரும்புக் கைக்கு எடை உண்டு என்று தோன்றவில்லை. அடுத்த கணம் அவமானம் போய் உற்சாகம் வந்தது. வண்டி எந்த இடத்தை ஊன்றிக் கவிழும், அங்கிருந்து எடை எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது, கையின் எடை எங்கே விழுகிறது என்று இரண்டு பேரும் ஒரு மணி நேரம் படம் போட்டார்கள். இரண்டரைக்குக் கிட்டே வந்து நின்றது. அட்டவணை பொய் சொல்லவில்லை. இவ்வளவு நல்ல பாடத்தை அவள் அந்த நிலையத்தில் ஒரு நாள்கூட நடத்தியதில்லை.

பிறகு அவளுக்குத் தேர்வு நினைவுக்கு வந்தது.

“சரி அத்தான். தேர்வுல மூணுன்னு எழுதிருங்க.”

அவர் அவளையே பார்த்தார்.

“நீயா சொல்ற?”

“அவங்க விடைக்குறிப்புல மூணுதான் இருக்கும். எட்டு மார்க்.”

“சரின்னு படாத வரியை எழுதாதன்னு அன்னைக்குச் சொன்னது யாரு? உங்க அக்காவா?”

“அது கத்துக்கிறதுக்கு. இது தேர்வுக்கு.”

“அப்ப கத்துக்கிறது வேற, தேர்வு வேறயா? அதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருப்பேனே. எதுக்கும்மா அஞ்சு வாரம் என்னைப் புழிஞ்சு எடுத்த?”

பதில் இல்லாதபோது வருகிற கோபம்தான் வந்தது. “பிடிவாதம் பிடிக்காதீங்க. ஒரு எண்ணுதானே. எழுதிட்டுத் தாண்டிப் போங்க. யாரு உட்கார்ந்து பார்க்கப் போறா?” என்று கத்தினாள். சொல்லி முடித்ததும் அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தது. பேராசிரியரின் மேசை, அதன் மேலிருந்த கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் மஞ்சளேறிக் கிடந்த கால அட்டவணை எல்லாம் கண்ணில் வந்து போயின.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “என்ன சண்டை?”

“உன் தங்கச்சி என்னைப் பொய் எழுதச் சொல்றா.”

“எழுதுங்களேன். அவ எழுதாமப் போய்த்தான் டயர் கடை மாடியில உட்கார்ந்திருக்கா.”

அதற்கு மேல் அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை.

தேர்வு நாளன்று மையத்தின் வாசலில் அக்காவும் அவளும் காத்திருந்தார்கள். அத்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆளாக இறங்கி வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

“அந்தக் கணக்கு வந்துச்சா?” என்று கேட்டாள் அவள்.

“வந்துச்சு.”

“எழுதினீங்களா?”

“எழுதினேன். படம் போட்டு, கையோட எடையையும் காட்டி, ஒன்றரைப் பக்கம். ரெண்டு புள்ளி நாலு.”

அக்கா ஆட்டோவைக் கூப்பிடப் போய்விட்டாள். அவளுக்கு அத்தானை உலுக்கவும் தோன்றியது. கையைப் பிடித்துக் குலுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

முடிவு வந்தது. நாற்பத்தாறு. அந்த எட்டுக்குச் சைபர் போட்டிருந்தார்கள். நாற்பத்தாறும் எட்டும் ஐம்பத்து நான்கு என்று கூட்டுவதற்கு யாருக்கும் பயிற்சி நிலையம் தேவையில்லை. அக்கா அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். அத்தான் மட்டும், “வாசல் நாற்காலியும் நாற்காலிதானே” என்றார்.

அவள் விடவில்லை. அட்டவணைப் படத்தை அச்செடுத்து, கணக்கை மூன்று பக்கத்தில் தெளிவாக எழுதி, அத்தானையும் அழைத்துக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாவது கவுன்டரில் இருந்தவர், கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிக்கொண்டு, விடைத்தாள் நகலைக் கணினியில் திறந்தார்.

“கேள்வி ஒன்பது. ஆன்சர் கீ-ல மூணு இருக்கு. இவரு ரெண்டு புள்ளி நாலு போட்டிருக்காரு.”

“கீ தப்புங்க. பாருங்க, இது கிரேன் தயாரிச்சவங்க கொடுத்த அட்டவணை.”

“மேடம், நான் கிரேன் ஓட்டுறதில்ல. நீங்க?”

“இவரு ஓட்டுறாரு. இருபத்திரண்டு வருஷமா.”

“அப்ப இவருக்கு எதுக்குங்க தேர்வு?” என்றார் அவர். கேலி செய்யவில்லை, உண்மையிலேயே சந்தேகம் கேட்டார். பிறகு அவரே இரக்கப்பட்டு ஒரு படிவம் தந்தார். “மனு கொடுங்க. மேல அனுப்புறேன்.”

மனு மேலே போனது. ஒன்பது வாரம் கழித்துக் கீழே வந்தது. ‘வினா நிலையான பாடப்புத்தகத்திலிருந்து கேட்கப்பட்டுள்ளது. எனவே விடையில் மாற்றமில்லை.’ அந்த இரண்டாவது வரியின் முதல் சொல்லைப் பார்த்து அவள் சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை. நிலையத்தின் ஓய்வறையில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே நின்று, அந்தக் காகிதத்தை நாலாக மடித்தாள். முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன டீச்சர், முகம் சரியில்லையே?”

சொன்னாள். அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார்.

“எனக்கு எப்பவும் ஒண்ணுதான் டீச்சர். முதல்ல பாஸ் ஆகட்டும். பாஸ் ஆனப்புறம் எவ்வளவு வேணும்னாலும் புரிஞ்சுக்கலாம்.”

ஆறு மாதத்துக்கு முன்பென்றால் அவள் எரிந்து விழுந்திருப்பாள். ஆனால் இதைத்தான் அவளே அத்தானிடம் சொல்லியிருந்தாள். இவரைப் போல மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. வகுப்புக்குத் திரும்பினாள். ஒரு பெண் நோட்டை நீட்டினாள். அதில் ‘எனவே’ இருந்தது. விரலை வைத்தாள். எடுக்கவுமில்லை, கேட்கவுமில்லை. “என்ன டீச்சர்?” என்றாள் அந்தப் பெண். “ஒண்ணுமில்ல. உட்காரு” என்றாள்.

அத்தான் ஆறு மாதம் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து வண்டி எண் எழுதினார். அவரிடம் தொழில் பழகிய ஓட்டுநர்கள் உள்ளே போகும்போது ஹாரன் அடித்துக் கையசைப்பார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை; வெளியில் சொல்லமாட்டார். அக்கா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

அடுத்த தேர்வுக்கு அவர் அவளைக் கூப்பிடவில்லை. நோட்டைத் தானே புரட்டிக்கொண்டார். எழுதிவிட்டு வந்த அன்று அவரே போன் செய்தார்.

“வந்துச்சும்மா.”

“என்ன எழுதினீங்க?”

“மூணு” என்றார் அவர். “ரெண்டே வரிதான். முடிச்சுட்டுப் பக்கத்தைத் திருப்பிட்டேன். திரும்பிப் பார்க்கல.”

“நல்லது அத்தான்” என்றாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் யார்மீதாவது கோபப்பட முடியுமா என்று பார்த்தாள். கவுன்டர்காரர், புத்தகம் எழுதியவர், அக்கா, பேராசிரியர் என்று ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தாள். ஒருவர்மேலும் கோபம் நிற்கவில்லை. தன்மேல்தான் நின்றது, அதுவும் எதற்கென்று சரியாகப் பிடிபடவில்லை.

அறுபத்தொரு மார்க். மேற்பார்வையாளர் ஆனார். அக்கா ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். “தங்கச்சிதான் சொல்லிக் கொடுத்தா” என்று சேர்த்தும் சொன்னாள். அதைக் கேட்கும்போது அவளுக்கு எங்காவது எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. அவள் போனபோது அத்தான் அதே மேசையில், இடுப்புப் பட்டையில்லாமல், அதே பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர்கள் நான்கு பேருக்கு வகுப்பு எடுக்கும் வேலையையும் அவர் தலையில் கட்டியிருந்தார்களாம்.

“இந்தப் புத்தகம்தான் பாடம்னு சொல்லிட்டாங்க. உன்னை மாதிரியே நானும் டீச்சர் ஆயிட்டேன் பாரு.”

“எழுபத்தெட்டாம் பக்கத்தை என்ன செய்யப் போறீங்க?”

அவர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். எழுபத்தாறுக்குப் பிறகு எழுபத்தொன்பது இருந்தது. நடுவில் பிசிறு மட்டும். “கிழிச்சுட்டேன். நாலு பேரு புத்தகத்துலயும் கிழிச்சுட்டேன். எவனாவது அதை நம்பி மூணு டன்னை நீட்டித் தொலைச்சான்னா?”

அவளுக்கு மனது குளிர்ந்தது. ஒரு நிமிடத்துக்குத்தான்.

“அத்தான், அவங்களும் ஒரு நாள் தேர்வு எழுதுவாங்கல்ல?”

அவர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“எட்டு மார்க். வருஷா வருஷம் வருது.”

“அதை யோசிக்கல” என்றார் அவர் மெதுவாக. புத்தகத்தை மூடினார், திறந்தார், அந்தப் பிசிறைத் தடவினார். “நாற்பத்தாறு வாங்கிட்டு நாலு பேரும் வாசல்ல உட்காருவானுங்க.”

“கிழிச்சதை எங்க வெச்சீங்க?”

இழுப்பறையைக் காட்டினார். எறிந்திருக்கவில்லை. ஐந்து தாளும் மடிப்பில்லாமல் இருந்தன. அக்கா எங்கிருந்தோ ஒட்டு நாடாவும் கத்தரிக்கோலும் கொண்டுவந்து போட்டுவிட்டு, “ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா?” என்று உள்ளே போனாள். அவர்கள் ஒட்டினார்கள். அத்தான் தாளைப் பிடித்துக்கொள்ள, அவள் ஓரம் பிசகாமல் நாடாவை அழுத்தினாள். அவர் தடித்த பேனாவை எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் விடைக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதினார்: ‘தேர்வுக்கு இது. தூக்குறதுக்கு அட்டவணை.’

“சரியா இருக்கா?” என்று கேட்டார்.

சரியாக இல்லை. இதைவிட நல்ல வழி ஒன்று இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அது என்னவென்று தெரியவில்லை.

“மை காயட்டும். உடனே மூடாதீங்க” என்றாள்.